நண்டு விற்று வாங்கிய மணி

முற்றத்து நிழலுக்கான தறப்பாளின் நான்காவது மூலையை வேப்பமரத்தோடு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான் மில்ரன். கை கயிற்றில் இருந்தது, காது கோயில் பக்கம் இருந்தது. மனைவி டினோஜாவின் சவப்பெட்டி வீட்டுக்கு வந்து வெகு நேரமாகிவிட்டது. வெயில் முற்றத்தில் பாதியைத் தாண்டிவிட்டது. துக்க மணி இன்னும் அடிக்கவில்லை.

அந்த ஊரில் மணி அடிக்காமல் செத்த வீட்டு முற்றத்தில் யாரும் கால் வைப்பதில்லை. சனம் வராமல் இல்லை. வேலிக்கு அப்பால் ஒழுங்கையில் பூவரச நிழலைப் பிடித்துக்கொண்டு நின்றது. சிலர் சைக்கிளை விட்டு இறங்காமல் ஒரு காலை நிலத்தில் ஊன்றி நின்றார்கள். அவனைக் கண்டால் தலையை அசைத்தார்கள். பிறகு கோயில் கோபுரத்தைப் பார்த்தார்கள்.

அவன் இந்த ஊரவன் இல்லை. மன்னார் டவுனில் பிறந்தவன். பட்டம் முடித்து, கந்தோர் வேலை கிடைத்த வருடம் டினோஜாவைக் கட்டிக்கொண்டு இந்தக் கடற்கரைக்கு வந்தவன். வீடு அவளுடையது. இஸ்ரேலில் ஒரு கிழவியைப் பராமரிக்கப் போயிருந்த காலத்தில் அவள் அனுப்பிய காசில் எழும்பிய வீடு. இப்போது அதன் முன் அறையில் அவள் வெள்ளைச் சட்டையோடு படுத்திருந்தாள். தலைமாட்டில் பாடுபட்ட சுருவம், சிலுவையில் தொங்கும் இயேசு. விரல்களில் செபமாலை. பிரேதத்தைப் பதப்படுத்திய மலர்ச்சாலைக்காரர் சுற்றிவிட்டது. அது நழுவி நழுவி வயிற்றில் விழ, தாய் றோசம்மா திரும்பத் திரும்ப எடுத்துச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"தம்பி, இஞ்சை ஒருக்கா வாரும்."

வேலிப் படலைக்கு வெளியே சிங்கராசா நின்றார். கோயில் மூப்பர். நண்டு வாங்கி விற்கும் வாடிக்காரர். றோசம்மாவின் தமையன், டினோஜாவுக்குத் தாய்மாமன். அவரும் உள்ளே வரவில்லை என்பதை மில்ரன் கவனித்தான். கயிற்றை முடிந்துவிட்டுப் போனான்.

"பாதரோடை கதைச்சனான். மடுக் கோயிலிலை தியானமாம். நாலு மணிக்குத்தான் வருவாராம்."

"அடக்கம் அஞ்சு மணிக்கு எண்டு சொல்லிப்போட்டம், மாமா."

"எப்ப எண்டது கதையில்லை. எங்கை எண்டதுதான் கதை."

மில்ரன் கையில் ஒட்டிய கயிற்று நாரைத் தட்டிவிட்டான்.

"என்னோடை கோவிக்காதையும். என்ரை மருமகள். என்ரை தோளிலை இருந்து சம்மாட்டியார் வீட்டுக் கலியாணப் பந்தல் பாத்த பிள்ளை. ஆனா சபையிலை கேக்கினம். அவள் வேதம் மாறினவள் எண்டு ஊர் கதைக்குது. மாறின ஆளைக் கோயில் சேமக்காலையிலை புதைச்சா, நாளைக்கு அல்லேலூயாக்காரரும் இடம் கேட்டு வருவினம். நான் என்ன மறுமொழி சொல்லுறது?"

"மாறினவள் எண்டு ஆர் சொன்னது?"

"ஆர் சொல்லோணும்? ஊருக்குக் கண்ணில்லையோ?"

பூவரசின் கீழிருந்து ஒருவன் குரல் கொடுத்தான். "மூப்பர், அந்த மணி நண்டு வித்த காசிலை வாங்கினது. நண்டு தீட்டு எண்டவளுக்கு அது எப்பிடி அடிக்கும்?"

யாரோ சிரித்து, சிரிப்பை இருமலாக்கினார்கள்.

"பொத்தடா வாயை," என்றார் சிங்கராசா, திரும்பிப் பார்க்காமல். பிறகு குரலைத் தாழ்த்தினார். "பாதர் ஒண்டுதான் கேட்டவர். கடைசியா அவள் நன்மை வாங்கினவளோ, அந்த அப்பத்தை நாக்கிலை ஏற்றவளோ எண்டு. வாங்கினவள் எண்டால் ஒருத்தரும் வாய் திறக்கேலாது. நானே போய்க் கயிறை இழுப்பன். ஆஸ்பத்திரியிலை பக்கத்திலை நிண்டது நீர்தானே. சொல்லும்."

"ஒரு பத்து நிமிசம், மாமா."

"இதிலை யோசிக்க என்ன இருக்கு?"

சிங்கராசாவின் கண் சுருங்கியது. மில்ரன் முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தான். அந்தக் கண் முதுகில் இருப்பது தெரிந்தது.

ஊருக்குக் கண் இருந்தது உண்மைதான். அதற்கு முதல் அவனுக்கும் இருந்தது.

கலியாணம் முடித்த புதிதிலேயே கண்டான். வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரம் அவள் குசினி யன்னலடியில் இரண்டு மெழுகுதிரி கொளுத்துவாள். கொளுத்திவிட்டு இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள். மாதா படத்துக்கு முன்னால் என்றால் அவன் ஒன்றும் நினைத்திருக்கமாட்டான். அங்கே படம் இல்லை. யன்னலும் வெளியே தென்னையும்தான். "என்ன செய்யிறாய்?" என்று கேட்க வாய் வரும். கேட்கமாட்டான். கதவுக்குப் பின்னால் நின்று பார்ப்பான்.

பிறகு நண்டு. ஊரே நண்டில் சாப்பிடுகிற ஊர். அவள் தொடவில்லை. கணவாய் இல்லை, இறால் இல்லை, திருக்கை இல்லை, கெளிறு இல்லை. செதிள் உள்ள மீன் மட்டும். "அந்த வீட்டிலை இதுகள் சமைக்கிறேல்லை. பழகிப்போச்சு, இப்ப மணக்குது," என்று தாயிடம் சொன்னாள். மில்ரன் அதை நம்பவில்லை. ஒரு ஞாயிறு வேதாகமத்தை எடுத்துப் பழைய ஏற்பாட்டில் தேடினான். மோயீசன் சட்டத்தில் செதிளும் சிறகும் இல்லாத மீன் அருவருப்பு என்று எழுதியிருந்தது. மணக்கிறதா, அருவருப்பா? அவன் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு இன்னும் உற்றுப் பார்க்கத் தொடங்கினான். அவள் நித்திரையில் இருக்கும்போது கழுத்துச் சங்கிலியில் மாதா பதக்கம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்திருக்கிறான். ஒவ்வொரு முறையும் இருந்தது. இருந்தும் நிம்மதி வரவில்லை. நான் பார்ப்பேன் என்று தெரிந்துதான் போட்டிருக்கிறாளோ என்று தோன்றும்.

ஊருக்கு வெளிச்சமானது போன வருடம் பெரிய வெள்ளியன்று. கோயிலில் பெண்கள் பாடுகளின் ஒப்பாரி பாடிக்கொண்டிருந்தார்கள். பாலம்மா முன்னடி எடுக்க மற்றவர்கள் சேர்ந்து இழுத்தார்கள். யூதரைத் திட்டி வருகிற அடிகள் வந்தன. டினோஜா எழும்பினாள். முக்காட்டைச் சரிசெய்தாள். சனத்துக்கு நடுவால் நடந்து வெளியே போனாள். பாலம்மாவின் குரல் ஒரு கணம் நின்று, பிறகு இரண்டு மடங்காக எழும்பியது.

அன்று பின்னேரம் தாயும் மகளும் சண்டை பிடித்தார்கள்.

"ஆண்டவரைக் கொலை செய்தவைக்கு நீ வக்காலத்தோ?"

"அம்மா, அஞ்சு வருசம் நான் அவையின்ரை கோப்பையிலை சாப்பிட்டனான். எனக்குக் காய்ச்சல் வந்தா அந்தக் கிழவி தடியை ஊண்டிக்கொண்டு வந்து நெத்தியைத் தொட்டுப் பாக்கும். மிரியம் எண்டு பேர். மரியாள் எண்டு அர்த்தம். உங்கட மாதாவும் அந்தச் சனம்தானே. அவவும் வெள்ளிக்கிழமை விளக்குக் கொளுத்தியிருப்பா."

"மாதாவை இதுக்குள்ளை இழுக்காதை," என்று றோசம்மா கத்தினாள்.

மில்ரன் முன் கதிரையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தான். ஒரு வரியும் ஏறவில்லை. உங்கட மாதா என்றாளே, எங்கட மாதா என்று சொல்லவில்லையே என்று அதையே திருப்பித் திருப்பி நினைத்தான்.

பிறகு ஈரலில் வருத்தம் கண்டது. கொழும்பு, மன்னார் என்று அலைச்சல். அவள் மெலிந்து மஞ்சளானாள். சந்தேகம் மட்டும் மெலியவில்லை.

கிணற்றடியில் கிருசாந்தினி முகம் கழுவிக்கொண்டிருந்தாள். வெள்ளாங்குளத்துப் பெண். இஸ்ரேலில் டினோஜா இருந்த அதே தெருவில் வேறொரு வீட்டில் வேலை செய்தவள். ஊர் முறை தெரியாததால் பஸ்ஸால் இறங்கி நேரே உள்ளே வந்து, பெட்டியைப் பிடித்து அழுதவள். வெளியார் என்று முற்றத்துக்குள் இருந்தது அவள் மட்டும்தான்.

"தங்கச்சி, ஒண்டு கேப்பன். மறைக்காமல் சொல்லோணும்."

அவள் முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். "கேளுங்கோ அண்ணா."

"அவள் அங்கை மாறினவளோ?"

"எங்கை மாறினவளோ?"

"அவையின்ரை வேதத்துக்கு."

கிருசாந்தினி அவனை மேலும் கீழும் பார்த்தாள். "அதுக்கோ சனம் றோட்டிலை நிக்குது? நான் இந்த ஊரிலை வெயில் கூட எண்டு நினைச்சன்."

கிணற்றுக் கட்டிலிருந்த வாளியைக் கையில் எடுத்தாள்.

"அவையளோடை சேருறது லேசில்லை அண்ணா. எங்கட பக்கம் மாதிரித் துண்டுப் பேப்பர் குடுத்துக் கூப்பிட மாட்டினம். போறன் எண்டாலும் படலையைச் சாத்துவினம்." வாளியைக் கவிழ்த்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். "ஒருக்கா கேட்டவள். நான் பொய் சொல்லேல்லை. கிழவிக்கு மறதி வருத்தம். மந்திரம் மறந்துபோகும். ராவிலை படுக்கேக்க சொல்லுற மந்திரம் இருக்கு. இஸ்ராயேலே கேள், ஆண்டவர் ஒருவர் எண்டு. முதல் சொல்லு வரும், மிச்சம் வராது. கிடந்து தவிக்கும். இவள் பாடமாக்கி வைச்சு எடுத்துக் குடுப்பாள். வெள்ளிக்கிழமை நெருப்புக்குச்சி பிடிக்கேலாமல் கை நடுங்கும். இவள் அந்தக் கையைப் பிடிச்சிருப்பாள். அப்பிடி இருக்கேக்க ஒருநாள் கேட்டவளாம், நானும் உங்கட ஆளா வரட்டோ எண்டு."

"என்ன சொன்னதாம்?"

"கிழவிக்கு அண்டைக்கு நல்ல நினைவு. உனக்குத் தாய் இருக்கோ எண்டு கேட்டதாம். இருக்கு எண்டு சொன்னவள். தாய் செபம் சொல்லுறவளோ எண்டு கேட்டதாம். ஓம் எண்டிருக்கிறாள். அப்ப போய் அவளோடை சேர்ந்து சொல்லு, என்னை ஏன் கரைச்சல் படுத்துறாய் எண்டு பேசிக் கலைச்சுவிட்டதாம்."

கிருசாந்தினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்தினாள். பொத்தின கைக்குள்ளேயே இன்னொன்று ஞாபகம் வந்தது போலிருந்தது.

"அவையின்ரை பாஸ்கா விருந்தைச் சொன்னவளோ உங்களுக்கு?"

"இல்லை."

"முதல் வருசம். மேசையிலை கிழவியின்ரை மக்கள், பேரப்பிள்ளையள் எல்லாரும். புளிக்காத அப்பம் உடைச்சு ஆளாளுக்குக் குடுப்பினம். பெரிய விசுக்கோத்து மாதிரி, சப்பெண்டு இருக்கும். கிழவி ஒரு துண்டு உடைச்சு இவளுக்கு நீட்டியிருக்கு. இவள் என்ன செய்தாள் தெரியுமோ? கும்பிட்டுக்கொண்டு நாக்கை நீட்டிப்போட்டாள். உங்கட கோயிலிலை நீட்டுற மாதிரி. மேசை முழுக்க அவளையே பாக்குதாம். இவளுக்கு வெக்கத்திலை நாக்கை உள்ளை எடுக்கவும் தெரியேல்லையாம். கிழவி ஒண்டும் கேக்கேல்லை. எழும்பி வந்து துண்டை நாக்கிலை வைச்சுதாம். அதுக்குப் பிறகு ஒவ்வொரு வருசமும் அப்பிடித்தான். மக்கள் பகிடி பண்ண, கிழவி அவையளை அதட்டுமாம்."

மில்ரன் சிரிக்கவில்லை. "அப்ப அது என்ன கணக்கு? அவள் எங்கட ஆளா, அவையின்ரை ஆளா?"

கிருசாந்தினியின் முகம் மாறியது. எழும்பி வாளியை நிமிர்த்தி வைத்தாள்.

"அண்ணா, நீங்கள் அவளின்ரை புருசன். நான் தெருவிலை கண்டு கதைச்சவள். என்னட்டைக் கேக்கிறியள். அவளைக் கேக்கேல்லையோ?"

அவன் கிணற்றுக்குள் பார்த்தான். தண்ணீர் வெகு கீழே இருந்தது.

கேட்கவில்லை. கேட்பதற்குப் பதிலாக, முந்தநாள் அவன் வேறொன்று செய்தான். வார்ட்டில் நோயாளருக்கு நன்மை கொடுக்க வருகிற சிஸ்டரை வராந்தாவில் மறித்து, ஏழாம் கட்டில் என்று சொல்லிவிட்டு வந்தான். அப்போது அவன் தன் மனதுக்குச் சொல்லிக்கொண்டது, இது அவளுடைய ஆத்துமத்துக்கு என்று. றோசம்மா சுடுதண்ணீர்ப் போத்தலோடு கீழே போயிருந்தாள். டினோஜா அவன் கரண்டியால் பருக்கிய கஞ்சியைக் குடித்து முடித்திருந்தாள். ஓங்காளம் இல்லை. அன்று கொஞ்சம் தெளிவாகவும் இருந்தாள்.

சிஸ்டர் வந்து சிலுவை போட்டாள். "உங்கட கணவர்தான் வந்து சொன்னவர், பிள்ளை. நல்ல மனுசன்," என்றாள். சின்னப் பெட்டியைத் திறந்து வெள்ளை அப்பத்தை எடுத்தாள். "கிறிஸ்துவின் உடல்."

மில்ரன் கட்டிலுக்குக் கிட்ட வந்திருந்தான். தான் நகர்ந்தது அவனுக்கே தெரியாது. அவன் அப்பத்தைப் பார்க்கவில்லை. அவளுடைய வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டினோஜாவின் உதடு பிரிந்தது. அப்போது அவள் கண் அவனிடம் வந்தது. அவன் எங்கே பார்த்துக்கொண்டு நிற்கிறான் என்பதைக் கண்டது. அவள் அவசரப்படவில்லை. அவனைப் பார்த்தபடியே வாயை மூடினாள்.

"பிள்ளைக்கு ஏலாமல் இருக்குப் போலை. நாளைக்குப் பாப்பம்," என்று சிஸ்டர் அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

அதற்குப் பிறகு அவள் அவனிடம் கேட்டது தண்ணீர் மட்டும். அதையும் பேர் சொல்லிக் கேட்கவில்லை. மறுநாள் விடிய முதல் முடிந்துவிட்டது.

"தம்பி!"

சிங்கராசா படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பத்து நிமிடம் எப்போதோ போயிருந்தது. ஒழுங்கையில் சனம் கூடியிருந்தது. பாலம்மாவும் வந்திருந்தாள். பாடும் பெண்கள் அவளைச் சுற்றி நின்றார்கள்.

"பாதர் திரும்பவும் எடுத்தவர். சேமக்காலையிலை வெட்டுறவன் மண்வெட்டியோடை குந்திக்கொண்டிருக்கிறான். தகப்பனுக்குப் பக்கத்திலை வெட்டுறதோ, மதிலுக்கு வெளியிலை வெட்டுறதோ? நான் என்ன சொல்ல? வாங்கினவளோ, இல்லையோ? ஒரு சொல்லு."

மில்ரன் வாயைத் திறந்தான். இல்லை என்று சொல்லத்தான் நினைத்தான். அது உண்மை. உண்மையைச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்பதை எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

"அவரை ஏன் கேக்கிறியள், அண்ணை?"

றோசம்மா வெறுங்காலோடு முற்றத்தில் வந்துகொண்டிருந்தாள். தலைமுடி அவிழ்ந்திருந்தது. கையில் பெட்டித் தலைமாட்டில் நின்ற பாடுபட்ட சுருவம்.

"பெத்தவள் நான் நிக்கிறன். என்னைக் கேளுங்கோ. வாங்கினவள். வாயைத் திறந்து, நாக்கை நீட்டி வாங்கினவள். நான்தான் பிறகு தண்ணி பருக்கிவிட்டனான்."

சிங்கராசா தங்கையைப் பார்த்தார். சின்னப் பொய் ஒன்றுக்கும் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்கு ஓடுகிறவள் அவள். ஊரில் எல்லோருக்கும் அது தெரியும். மகளுடைய மெழுகுதிரிகளை வாரம் வாரம் ஊதி அணைத்தவளும் அவள்தான்.

"சத்தியமோ?"

"தொட்டுக்கொண்டுதானே நிக்கிறன்."

நண்டைக் கையில் தூக்கியதும் சதை நிறைந்ததா, வெறும் கோதா என்று சொல்லிவிடுகிறவர் சிங்கராசா. றோசம்மாவின் முகத்தை அப்படித்தான் நிறுத்தார். பிறகு மில்ரனுடைய முகத்துக்கு வந்தார்.

"தம்பி?"

றோசம்மா அவனைப் பார்க்கவில்லை. சுருவத்தின் பாதத்தில் படிந்திருந்த தூசியைப் பெருவிரலால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஓம், மாமா. வாங்கினவள்."

சிங்கராசா இரண்டு பேரையும் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் நம்பினாரா என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தோளில் கிடந்த துவாயை உதறி மறுபடி போட்டுக்கொண்டார்.

"கேட்டியளோ எல்லாரும்? பிறகு ஆரும் வாடியிலை குந்தியிருந்து கதைச்சால், என்னட்டை நண்டு கொண்டரத் தேவையில்லை." ஒழுங்கையில் இறங்கிக் கோயில் பக்கம் நடந்தார். பூவரசின் கீழ் நின்றவன் சைக்கிளை நகர்த்தி வழி விட்டான்.

படலையடியில் இரண்டு பேரும் நின்றார்கள்.

"மாமி," என்றான் மில்ரன்.

"அண்டைக்கு வார்ட் வாசலிலை நிண்டனான், தம்பி. போத்தல் சுட்டுது. கீழை வைக்காமல் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்." குரலில் கோபம் இல்லை. அழுகையும் இல்லை. பலசரக்குக் கடையில் நிற்கிறவள் சாமான் சொல்லுவது போல இருந்தது. "சிஸ்டர் சொன்னதும் கேட்டது. உங்களைச் சொன்னதும்."

அவன் தலையை நிமிர்த்தவில்லை.

"சட்டையை மாத்துங்கோ. சனம் வரப்போகுது."

அவள் உள்ளே போனாள். சுருவத்தைத் தலைமாட்டில் வைக்கும் சத்தம் கேட்டது.

பிறகு மணி அடித்தது. ஒரு அடி. நீண்ட இடைவெளி. இன்னொரு அடி. ஒழுங்கையில் ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டார்கள். பாலம்மாதான் முதலில் படலைக்குள் கால் வைத்தாள். பின்னால் மற்றவர்கள். உள்ளே ஒப்பாரி எழும்பியது. டினோஜாவின் பெயரைச் சொல்லி, சின்ன வயதில் அவள் கரைவலையில் கால் சிக்கி விழுந்ததைச் சொல்லி, பாலம்மா அழுதாள். அழுகை உண்மையாகத்தான் இருந்தது.

மில்ரன் சட்டை மாற்றவில்லை. வாசற்படிப் பக்கமாக நின்றான். வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார்கள். செருப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தன. உப்பு ஏறிய றப்பர்ச் செருப்புகள், சபைக்காரரின் தோல் செருப்புகள், குழந்தைகளின் சின்னச் சோடிகள். இடம் காணாமல் ஒரு பெண் காலால் சிலதைச் சுவர் ஓரமாகத் தள்ளினாள். அவற்றோடு நீல வார் வைத்த ஒரு சோடியும் கவிழ்ந்து உருண்டது. டினோஜாவை ஆஸ்பத்திரிக்கு வாகனத்தில் ஏற்றிய அன்று அவள் படியில் கழற்றி விட்டது. அதை யாரும் எடுத்து வைக்கவில்லை.

அவன் குனிந்து இரண்டையும் எடுத்தான். எங்கே வைப்பது என்று பார்த்தான். உள்ளே போக வழியில்லை, வாசல் முழுக்கச் சனம். இடக் கையில் செருப்பைப் பிடித்தபடி நின்றான். படியேறியவர்கள் ஒவ்வொருவராக அவனுடைய மற்றக் கையைப் பிடித்து, கொஞ்சம் வைத்திருந்து, விட்டுவிட்டு உள்ளே போனார்கள்.